பழைய ஷேர் பத்திரம் சேர்க்கிறீர்களா? முதலில் லேமினேஷன் கடையை மறந்துவிடுங்கள்

செங்கோட்டை, புளியரை பக்கம் பழைய வீட்டு டிரங்குப் பெட்டிகளில் திருவிதாங்கூர் காலத்துப் பங்குப் பத்திரங்கள் அகப்படுவதுண்டு. செங்கோட்டையே 1956 நவம்பர் வரை அந்தப் பக்கம்தானே இருந்தது. இப்போது இதைச் சேர்க்க நிறைய இளவட்டங்கள் வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். ஈரக்கையால் தொடாதே, மடிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

லேமினேஷன்

போன சாரல் சீசனில் ஒரு தம்பி திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு வங்கிகள் 1937-ல் ஒன்றாகச் சேர்ந்து உருவானது அது, 1938-லேயே மூடிவிட்டது. சேர்ந்த பெயரில் பத்திரம் அச்சிட அந்தக் கொஞ்ச காலம்தான் இருந்தது என்றால் அது எவ்வளவு அரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிட்டார். உறைக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் ஓரத்து வேலைப்பாட்டை வேறு வெட்டியிருந்தார். "கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி போட்டேன்" என்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சூடான உருளைகளுக்கு நடுவே போகும்போது பிளாஸ்டிக்கின் உள்பக்கப் பசை உருகிக் காகித இழைக்குள் இறங்கிவிடும். அப்புறம் பிரிக்க நினைத்தால் மையும் காகிதமும் சேர்ந்துதான் வரும். கம்பெனி முத்திரையைக் காகிதத்தில் புடைப்பாக அழுத்தியிருப்பார்கள், பத்திரம் அசலா என்று பார்க்க நாங்கள் முதலில் விரலால் தடவுவது அதைத்தான், அது தட்டையாகிவிடும். பழைய காகிதத்தில் இருக்கும் அமிலமோ வெளியேற வழியில்லாமல் உள்ளேயே இருந்து அரிக்கும். சேகரிப்பாளர் யாரும் அதற்கு நல்ல விலை தரமாட்டார்.

வேண்டியது ஒன்றுதான்: மைலார் மாதிரியான பாலியஸ்டர் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை, எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து எழுத்தை உறையோடு ஒட்டிவிடும்.

சாரல் காலம்

ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீட்டுக்குள் எதையும் விடாது. பிரேம் போட்டு மேற்குச் சுவரில் மாட்டினால் பூசணம் நிச்சயம். பீரோவில் படுக்கை வசமாக வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

செல்லோடேப்

ஒட்டாதீர்கள். மஞ்சள் கறை போகவே போகாது.

ரெவின்யூ ஸ்டாம்பை உரிப்பது

கூடாது.

ஓட்டை விழுந்திருக்கிறதே என்று ஒதுக்குவது

பணம் கொடுத்து முடித்த கடன் பத்திரத்தைத் துளைபோட்டு ரத்து செய்வது வழக்கம். அதுவும் அதன் வரலாறுதான், அடைக்க வேண்டாம்.

பழசு என்றாலே விலை என்று நினைப்பது

ஜார் காலத்து ரஷ்யக் கடன் பத்திரங்களை பிரான்ஸ் மக்கள் ஏராளமாக வாங்கி வைத்திருந்தார்கள். 1918-ல் போல்ஷெவிக் அரசு அந்தக் கடனைத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டது. காகிதம் மட்டும் வீடு வீடாகத் தங்கிவிட்டது. நூறு வருஷம் தாண்டியும் அவற்றில் பல இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. எத்தனை மிஞ்சியிருக்கிறது, யார் கையெழுத்து, எந்தக் கம்பெனி, இதையெல்லாம் பாருங்கள்.

உயிரோடு இருக்கும் பங்கை விற்றுவிடுவது

கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், வேறொன்றோடு இணைந்திருக்கலாம். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது இன்னமும் சொத்து. பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆன கம்பெனிகளின் காகிதப் பங்கை 2019 ஏப்ரல் 1 முதல் அப்படியே விற்றுக் கைமாற்ற முடியாது, முதலில் டீமேட் ஆக்க வேண்டும், அதாவது காகிதத்தைக் கொடுத்து மின்னணுக் கணக்கில் ஏற்ற வேண்டும். தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்டை, அதாவது கம்பெனி பங்குதாரருக்குத் தரும் லாபத்தொகையை, யாரும் வாங்கவில்லை என்றால் அந்தப் பங்கு ஐ.இ.பி.எஃப். என்ற மத்திய அரசு நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசுகள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அதனால் என்னிடம் யார் பத்திரம் கொண்டுவந்தாலும், விலை பேசுவதற்கு முன், இந்தக் கம்பெனியிலிருந்து டிவிடெண்ட் வந்த பழைய கவர் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று தேடிவரச் சொல்லி அனுப்புகிறேன்.