பிளாக் டீக்கு சர்க்கரை வேணாம், காஞ்ச பழம் போதும்: எதுக்கு எது சேரும்

பால் டீய விட்டுட்டு பிளாக் டீக்கு மாறுறேன்னு ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் சீக்கிரமே பழையபடி டீக்கடை கிளாஸுக்கே போயிடுவாங்க, காரணம் அந்த கசப்பும் துவர்ப்பும் தான். சரி சர்க்கரை போட்டுக்கலாம்னா, எதுக்காக பாலை விட்டோமோ அதுவே அடிபட்டு போகுது. இதுக்கு ஈரான்காரங்க பண்றது தான் சரியான வழி, கப்ல ஒண்ணும் போடாம தித்திப்ப தனியா தட்டுல வச்சு கடிச்சுக்கிறது. யாழ்ப்பாணத்துல பனங்கட்டிய கடிச்சுக்கிட்டு பிளேன்டீ குடிக்கிறாங்களே, அதே கணக்கு. நாம இங்க பனங்கட்டிக்கு பதிலா பேரீச்சை, அத்தி, திராட்சைன்னு போக போறோம், அவ்ளோ தான்.

முதல்ல டீத்தூள். வீட்ல பால் டீக்கு வாங்கி வச்சிருக்கீங்களே டஸ்ட், அது இதுக்கு ஆகாது. அது சிடிசி, அதாவது இலைய மெஷின்ல நசுக்கி கிழிச்சு சுருட்டி குருணையாக்குனது, வெந்நீர் பட்டதும் கலரும் துவர்ப்பும் மொத்தமா இறங்கிடும். பால் ஊத்துனா பால்ல இருக்குற புரோட்டீன் அந்த துவர்ப்ப புடிச்சுக்கும், அதனால தான் டீக்கடை டீ அவ்ளோ ஸ்ட்ராங்கா இருந்தும் நாக்க புடுங்காது. பால் இல்லன்னா நாக்கு மரத்து போயிடும், அதுக்கப்புறம் என்ன பழம் வச்சாலும் ருசி தெரியாது. அதனால முழு இலை டீ, பாக்கெட்ல ஆர்த்தடாக்ஸ்னு போட்டிருக்கும், அத வாங்குங்க. ஊட்டி குன்னூர் போறவங்க யாராச்சும் இருந்தா சொல்லி விடுங்க, வேற ஒண்ணும் வேணாம்.

போடுறது ஈஸி. 200 மில்லி தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் இலை, தண்ணி நல்லா கொதிச்சதும் அடுப்ப அணைச்சு அர நிமிஷம் விட்டு இலை மேல ஊத்தி மூடி வைங்க, 3 நிமிஷம், வடிகட்டிடுங்க. இலைய போட்டு கொதிக்க விடுற பழக்கத்த மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. இன்னொண்ணு நம்ம ஊர் தண்ணி. போர் தண்ணில போட்டா டீ மேல ஒரு ஆடை மாதிரி படியும் பாருங்க, அது உப்புத்தண்ணியோட வேலை, டீ மங்கலா வாசனையே இல்லாம போயிடும். கேன் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ எடுத்துக்கோங்க.

சாப்பிடுற வரிசையும் முக்கியம். முதல் வாய் வெறும் டீ. அப்புறம் பழத்துல சின்னதா ஒரு கடி, நல்லா மென்னு முக்கால்வாசி முழுங்குன அப்புறம், வாய்ல இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கும்போதே அடுத்த வாய் டீ. அந்த ரெண்டாவது வாய்ல தான் விஷயமே இருக்கு, கசப்பு காணாம போய் டீயோட வாசனை மட்டும் நிக்கும். ஆவி பறக்க குடிச்சா இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் ஆற விடுங்க.

இப்ப ஜோடி. பொதுவா ஒரே ரூல் தான், கனமான டீக்கு கனமான பழம், லேசான டீக்கு லேசான பழம்.

அஸ்ஸாமுக்கு பேரீச்சை. அஸ்ஸாம் இலைல ஹார்லிக்ஸ் டப்பா தொறந்த மாதிரி ஒரு மால்ட் வாசனை இருக்கும், டீயும் வாய்க்கு கனமா இருக்கும், அதனால எவ்ளோ தித்திப்பு வந்தாலும் தாங்கும். பேரீச்சைல கிமியான்னு ஈரான்லேர்ந்து வரும், கருப்பா மெத்துன்னு, டப்பால போட்டு கடை ஃப்ரிட்ஜ்ல வச்சிருப்பாங்க, என் ஓட்டு அதுக்கு தான். மெட்ஜூல்னு பெருசா வர்ற பேரீச்சையும் நல்லா தான் இருக்கும், ஆனா ஒரு முழு பழம் ஒரு கப்புக்கு ரொம்ப ஜாஸ்தி, நாலா நறுக்கி வச்சுக்கோங்க. எந்த பேரீச்சையா இருந்தாலும் அப்படியே வாய்ல போடாதீங்க, நீளவாக்குல பிளந்து கொட்டைய எடுத்துட்டு உள்ள வெளிச்சத்துல பாருங்க, பூச்சியோ கருப்பு பொடி மாதிரி பூஞ்சையோ இருந்தா அங்க தான் ஒளிஞ்சிருக்கும்.

அடுத்தது எனக்கு ரொம்ப புடிச்ச ஜோடி, டார்ஜிலிங் செகண்ட் ஃப்ளஷ்ஷும் கருப்பு திராட்சையும். செகண்ட் ஃப்ளஷ்னா மே, ஜூன்ல பறிக்கிற இலை. அந்த சமயத்துல தத்துப்பூச்சி வந்து இலைச்சாறு உறிஞ்சும், செடி அதுக்கு எதிரா சில வாசனை பொருள உண்டாக்கும், அதுலேர்ந்து தான் மஸ்கடெல்னு கொண்டாடுறாங்களே அந்த திராட்சை மணம் வருது. அந்த பேர் மஸ்கட் திராட்சையோட பேர்லேர்ந்து வந்தது. நம்ம கம்பம் பன்னீர் திராட்சை இருக்கே, 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அது மஸ்கட் ஹேம்பர்க் ரகம், ஆக கோயம்பேடு மார்க்கெட்ல பன்னீர் திராட்சை கூடைய மோந்து பார்த்தவங்களுக்கு அந்த வாசனை புதுசு இல்ல. கொட்டை உள்ள கருப்பு உலர் திராட்சையா வாங்குங்க, ஒரு வாய்க்கு ரெண்டு மூணு போதும், கொட்டைய கடிச்சா மட்டும் கசக்கும் பார்த்துக்கோங்க. ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்னு மார்ச் ஏப்ரல்ல வர்றது வேற, ரொம்ப மென்மையா பச்சை வாசனையா இருக்கும், அதுக்கு பழமே வேணாம்னு தான் சொல்வேன்.

நீலகிரி டீ லேசு, வாசனையா இருக்கும், கசப்பு கம்மி, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதான் நல்லது. இதுக்கு ஆப்ரிகாட். கடைல பளபளன்னு ஆரஞ்சு கலர்ல மெத்துன்னு இருக்குறதுக்கு கலர் மாறாம இருக்க கந்தகப்புகை காட்டியிருப்பாங்க, சூடான டீ கூட சாப்பிடும்போது சில சமயம் அந்த நெடி மூக்குல ஏறும். ப்ரவுனா சுருங்கி பார்க்கவே நல்லா இல்லாத ஒண்ணு இருக்கும் பாருங்க, ருசில அது தான் ராஜா, புளிப்பும் காரமல் தித்திப்பும் சேர்ந்து வரும். மஞ்ச கிஸ்மிஸுக்கும் இதே கதை தான். ஆஸ்துமா இருக்குறவங்க கந்தகம் போட்டத தவிர்க்குறது நல்லது. கொட்டையோட வர்ற ஆப்ரிகாட்ட உடைச்சு உள்ள பருப்ப சாப்பிடுற ஆளா இருந்தா, கசந்தா உடனே துப்பிடுங்க, கசப்பு பருப்புல சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு.

சிலோன் டீக்கு அத்திப்பழம், மாலையா கோத்து தொங்க விட்டிருப்பாங்களே அதுவே போதும். எர்ல் கிரேன்னு பெர்கமாட் பழ வாசனை சேர்த்த டீ இருந்தா ப்ரூன்ஸ், அதாவது காஞ்ச பிளம்ஸ் வச்சு பாருங்க.

சேராதது எதுன்னா, கிவி, பைனாப்பிள்னு பச்சையும் மஞ்சளுமா வர்றதெல்லாம் பெரும்பாலும் சர்க்கரை பாகுல ஊறுன சமாச்சாரம், அத சாப்பிடுறதுக்கு டீலயே சர்க்கரை போட்டுக்கலாம். கிரான்பெர்ரியும் அப்படி தான், சர்க்கரை இல்லாம அத சாப்பிடவே முடியாது. தேன் நெல்லி ஆரோக்கியம்னு சிலர் வைப்பாங்க, துவர்ப்புக்கு மேல துவர்ப்பு, எனக்கு சுத்தமா செட் ஆகல.

இதெல்லாம் வாங்குறதுக்கு சென்னைல சவுகார்பேட்டை பக்கம், கோவிந்தப்ப நாயக்கன் தெரு, மின்ட் ஸ்ட்ரீட்னு போனீங்கன்னா வரிசையா கடை இருக்கு, எல்லாத்துலயும் 100 கிராம் மட்டும் வாங்கி வீட்ல ருசி பார்த்துட்டு அப்புறம் கிலோ கணக்குக்கு போங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு வெளிய வச்சா பிசுபிசுன்னு ஆகி புழு வச்சிடும், காத்து போகாத டப்பால ஃப்ரிட்ஜ்ல வைங்க, டீ போடுறப்போ முதல்லயே எடுத்து வெளிய வச்சுட்டா சில்லுன்னு இல்லாம மெத்துன்னு ஆகிடும்.

ரத்தசோகைக்காக பேரீச்சை, திராட்சை சாப்பிடுறவங்க மட்டும் இத டீயோட சேர்க்காதீங்க. டீயோட துவர்ப்பு பொருள் இரும்புச்சத்த உடம்புல சேர விடாது, ஒரு மணி நேரமாச்சும் இடைவெளி விட்டு தனித்தனியா சாப்பிடுங்க. சுகர் இருக்குறவங்க, காஞ்ச பழம்னா தண்ணி போய் சர்க்கரை தான் மிஞ்சியிருக்குங்கறத நெனச்சு அளவு வச்சுக்கோங்க.

மீந்து போன டீய கொட்டாதீங்க. கிஸ்மிஸும் நறுக்குன அத்தியும் ஒரு கிண்ணத்துல போட்டு மூழ்குற அளவு டீ ஊத்தி ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க, காலைல உப்பி வந்திருக்கும். வேல்ஸ்ல பாரா ப்ரித்னு ஒரு பழ ரொட்டி இப்படி டீல ஊறுன பழத்துல தான் பண்றாங்க, நமக்கு கேக் பண்ற அளவுக்கு பொறுமை இல்லன்னா தயிர்ல போட்டு சாப்பிடலாம், இல்ல ரவா கேசரில முந்திரி கூட சேர்த்துடலாம், நல்லா தான் இருக்கும்.