மூன்றாவது புகார்தான் எடுபட்டது

கடை வாசலில் சாக்கடை பொங்கியதும், "அடைப்பு, உடனே சரிசெய்யவும்" என்று நகராட்சிச் செயலியில் தட்டிவிட்டேன். மறுநாளே "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. தண்ணீர் என்னவோ அப்படியே நின்றது. மறுபடி போட்டேன், உங்கள் இணைப்பில்தான் கோளாறு என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. கட்டடத்தில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, எங்கள் எல்லைக்குள் இருக்கும் கடைசி சேம்பரை, அதாவது சாக்கடைக் குழாயைப் பார்வையிட வைத்திருக்கும் மூடி போட்ட தொட்டியைத் திறந்தேன். உள்சுவரில், தண்ணீர் நின்ற மட்டத்தில், செங்கல் துண்டால் ஒரு கோடு. நாங்கள் ஒரு சொட்டுகூட விடாதபோதும், கால் மணி நேரத்தில் அழுக்குத் தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியது. அப்படியென்றால் தெரு மெயின் லைனிலிருந்து திரும்பி வருகிறது. ஏறாமல் நின்றிருந்தால் அடைப்பு பெரும்பாலும் நம் குழாயில்தான். செலவும் நம் தலையில். (தெரு மேன்ஹோலை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கலாம். அளவு கூடினால் அந்த வாயு மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். நாற்றமே இல்லையே என்று ஏமாந்துபோவோம்.)

கோட்டுக்கு முன்னும் பின்னும் நேரத்தோடு இரண்டு படம், அருகிலிருந்த மின்கம்பத்தின் எண், இவ்வளவுதான் மூன்றாவது புகார். பக்கத்துக் கடைக்காரர்களையும் தனித்தனியாகப் போடச் சொன்னேன். அன்று மாலையே, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்டிங் வண்டி வந்தது. வெளியே வந்தது கட்டியாக உறைந்த சமையல் எண்ணெய். பக்கத்து ஓட்டல்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.