இரண்டு டிரைவ் உள்ள புது லேப்டாப்: முதல் நாளே செய்து முடிக்க வேண்டியவை

512 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான டிரைவ்) ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க் (மெதுவான, பெரிய டிரைவ்) ஒன்று. இப்படி வரும் லேப்டாப்பை வாங்கும் பலருக்கு ஆறு மாதத்தில் எஸ்எஸ்டி-யில் உள்ள சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள டி டிரைவோ கிட்டத்தட்டக் காலியாகக் கிடக்கும். விண்டோஸ் தானாக எதையும் டி-யில் போடாது. எது எங்கே போக வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். முதல் நாளில் அது அரை மணி நேர வேலை. இருநூறு ஜிபி சேர்ந்தபின் என்றால் ஒரு நாள் போய்விடும்.

கீழே உள்ளவை விண்டோஸ் 11-க்கானவை. 10-லும் பெரும்பாலும் இதே வழிதான்.

எது எஸ்எஸ்டி என்று பாருங்கள்

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இரண்டும் தெரியும். அடியிலேயே எஸ்எஸ்டி, ஹெச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்று வகையும் போட்டிருக்கும். டிஸ்க் 0 என்றாலே எஸ்எஸ்டி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்தான் 0. அந்த எண் வேகத்தை வைத்துப் போடப்படுவதில்லை. சி எழுத்து எஸ்எஸ்டி-க்கு நேராக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

512 வாங்கினால் 476 காட்டுகிறதே, 1 டிபி-க்கு 931 காட்டுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. பைட் கணக்கில் இரண்டும் ஒன்றே.

டி டிரைவே தெரியவில்லையா?

இரண்டாவது டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தியிருந்தால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அது வராது. விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று கேட்டால் ஜிபிடி-யைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் பழைய முறை, 2 டிபி-க்கு மேல் எட்டாது. பிறகு கறுப்புப் பட்டையோடு தெரியும் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுங்கள். முழு அளவு, என்டிஎஃப்எஸ், 'குயிக் ஃபார்மட்' டிக், அவ்வளவுதான். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மட்டும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். முழு ஃபார்மட் முடிய மணிக்கணக்கில் ஆகும், ஆனால் கெட்டுப்போன செக்டர் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இதற்கென்று தனி பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். விண்டோஸிலேயே இருப்பது போதும். டிரைவின் உடல்நிலையைப் பார்க்க மட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

எஸ்எஸ்டி-யை சி, டி, இ என்று கூறு போட்டுத் தரட்டுமா என்று சில கடைகளில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே டிரைவ் இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது 476 ஜிபி-யைப் பிரித்தால் ஒரு பகுதி நிரம்பி வழியும், இன்னொன்று சும்மா கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியும் 100 எம்பி, 260 எம்பி போன்ற சின்னப் பகுதிகளையும், ரிகவரி என்று எழுதியிருப்பதையும் தொடவே கூடாது. லேப்டாப் எழுந்து நிற்பதே அவற்றால்தான்.

எது எங்கே

விண்டோஸ், எல்லா மென்பொருளும், இப்போது வேலை நடக்கும் ப்ராஜெக்டும் எஸ்எஸ்டி-யில் இருக்கட்டும். படம், பாட்டு, வீடியோ, முடிந்துபோன வேலை, இறக்கிய கோப்புகள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய கோப்பை நொடிக்கு 100 எம்பி-க்கு மேல் படித்துவிடும். வீடியோ பார்க்க நொடிக்குச் சில எம்பி போதும். அது திணறுவது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளில். ஒவ்வொன்றுக்கும் உள்ளே தகவலைப் படிக்கும் அதன் முள் நகர வேண்டும். மென்பொருள் என்பதே சின்னக் கோப்புகளின் கூட்டம். அதனால்தான் 'இடம் மிச்சமாகட்டும்' என்று அவற்றை டி-யில் நிறுவுவது தப்பு. மென்பொருளும் அவற்றின் தகவலும் தங்கும் புரோகிராம் ஃபைல்ஸ், ஆப்டேட்டா ஃபோல்டர்கள் இரண்டும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பேஜ் ஃபைலையும் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) நகர்த்தாதீர்கள்.

ஃபோல்டரை நகர்த்துவது: அதிகம் பேர் தவறும் இடம்

டவுன்லோட்ஸ் ஃபோல்டரை வெட்டி டி-யில் ஒட்டக் கூடாது. முறையான வழி இருக்கிறது.

முதலில் ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஏற்கெனவே அதன் பிடியில் இருக்கலாம். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் 'மேனேஜ் பேக்கப்' போய் மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் கோப்புகள் காணாமல் போனதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், அவை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். இதை நிறுத்தாமல் அடுத்த படிக்குப் போனால் ஒரே ஃபோல்டருக்காக இரண்டு பேர் இழுபறி செய்வார்கள்.

இரண்டாவதாக, டி டிரைவில் டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் என்று தனித்தனியாகப் புது ஃபோல்டர்களை உருவாக்குங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மூன்றாவதாக, சி-யில் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் டவுன்லோட்ஸ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், லொகேஷன், மூவ். டி-யில் இப்போது உருவாக்கிய டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு உள்ளே போய்த் தேர்ந்தெடுங்கள். அப்ளை கொடுத்ததும் பழைய கோப்புகளையும் மாற்றவா என்று கேட்கும். 'யெஸ்' சொல்லுங்கள். 'நோ' சொன்னால் பழையவை சி-யிலேயே தங்கிவிடும், பிறகு அவற்றை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். மற்ற ஃபோல்டர்களுக்கும் இதேதான்.

தவறு நடப்பது மூன்றாவது படியில்தான். டி-யைத் தேர்ந்தெடுத்து, உள்ளே எந்த ஃபோல்டருக்கும் போகாமல் சரி என்று கொடுத்துவிடுவார்கள். அப்போது டி டிரைவ் முழுவதுமே டவுன்லோட்ஸ் ஆகிவிடும், டிரைவின் பெயரும் படமும்கூட மாறிப்போகும். திரும்ப மூவ் கொடுத்தால் விண்டோஸ் டிரைவில் உள்ள அத்தனையையும் நகர்த்தப் பார்த்து, அனுமதி இல்லை என்று நின்றுவிடும். டாக்குமென்ட்ஸையும் அதே டி-யின் வாசலிலேயே கொண்டுபோய் விட்டால் இரண்டும் ஒன்றாகி, சாதாரண வழியில் பிரிக்கவே முடியாது. 'இவற்றைப் பிறகு பிரிக்க இயலாது' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

நடந்துவிட்டால் விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில்தான் சரிசெய்ய வேண்டும். கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கி 'யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ்' வரைக்கும் போங்கள். அங்கே டாக்குமென்ட்ஸ் 'பெர்சனல்' என்ற பெயரில் இருக்கும். டவுன்லோட்ஸுக்குப் பெயரே இருக்காது, 374 என்று தொடங்கும் நீளமான குறியீடுதான் அது. அதன் மதிப்பில் டி மட்டும் இருக்கும் இடத்தில் ஃபோல்டரின் முழுப் பாதையை எழுதுங்கள். சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். டிரைவின் பெயர் அப்படியே இருந்தால், டி-யின் வாசலில் மறைந்திருக்கும் desktop.ini கோப்பை அழித்தால் போய்விடும்.

டெஸ்க்டாப் ஃபோல்டரை மட்டும் நகர்த்தாமல் விடுவதே நல்லது. ஹார்ட் டிஸ்க் தூங்கி எழும் வரை ஐகான்கள் வராமல் திரை வெறிச்சென்று நிற்கும்.

என்க்ரிப்ஷன் சாவி

புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிரைவில் உள்ளதைப் பூட்டிவைக்கும் வசதி) பெரும்பாலும் தானாகவே ஓடத் தொடங்கும், 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் பரவலாக. செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் பாருங்கள். ஓடுகிறது என்றால் கணக்கில் உள்ள 48 இலக்க ரிகவரி சாவியைத் தாளில் எழுதி, லேப்டாப் பைக்குள் அல்லாமல் வீட்டில் வேறிடத்தில் வையுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பு) சின்ன மாற்றம் செய்தாலும் அது கேட்கப்படலாம். டி-யும் பூட்டப்பட்டிருந்தால், நாளை அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும்போதும் அதே போன்ற ஒரு சாவி வேண்டும்.

விண்டோஸைத் திரும்ப நிறுவ வேண்டி வந்தால்

இதில் இரண்டு கண்ணி. எஸ்எஸ்டி-யைத் தேர்ந்தெடுத்து நிறுவினாலும், ஹார்ட் டிஸ்க்கில் பழைய பூட் பகுதி (விண்டோஸ் தொடங்கத் தேவையான சின்னப் பகுதி) இருந்தால் விண்டோஸ் தன் பூட் கோப்புகளை அதில் எழுதிவிடக்கூடும். எல்லாம் நன்றாகவே ஓடும். என்றோ ஹார்ட் டிஸ்க் செத்தாலோ கழற்றினாலோ, குறையே இல்லாத எஸ்எஸ்டி-யும் எழாது. நிறுவும் முன் ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றுங்கள், அல்லது பயாஸில் அதன் சாட்டா போர்ட்டை அணைத்து வையுங்கள்.

இரண்டாவது, இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்பில் நிறுவும்போது எஸ்எஸ்டி பட்டியலிலேயே வராது. காரணம் விஎம்டி என்ற, டிரைவ்களைக் கையாளும் இன்டெல் அமைப்பு. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் வந்துவிடும். பயாஸில் விஎம்டி-யை அணைப்பது இன்னொரு வழி. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் அதை அணைத்தால் நீலத் திரைதான் வரும். பயாஸுக்குள் போக டெல், ஏசர், ஏசுஸில் எஃப்2. ஹெச்பி-யில் எஃப்10.

பின்னர் சேர்த்தவை

டி-யைத் திறந்தால் சில நொடி உறைந்து நிற்கிறதா? அது பழுதில்லை. கொஞ்ச நேரம் வேலை இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்திவிடும் அமைப்பு பவர் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. சார்ஜரில் ஓடும்போது அந்த நேரத்தை நீட்டிக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு அப்படியே விட்டுவிடலாம்.

பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கையே இரண்டாவது டிரைவாக மாட்டுகிறவர்கள், முதலில் தேவையானதை வெளியே நகலெடுத்துவிடுங்கள். அதில் மிச்சமிருக்கும் பூட் பகுதியை டிஸ்க் மேனேஜ்மென்ட் அழிக்க விடாது. விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவி வழியாக அந்த டிஸ்க்கைத் தேர்ந்து 'கிளீன்' கட்டளை கொடுத்தால் முழுதும் துடைத்துவிடும். அந்தக் கட்டளை 'நிச்சயமா' என்றுகூடக் கேட்காது. டிஸ்க் எண்ணை அந்த ஹார்ட் டிஸ்க்கின் அளவோடு (1 டிபி என்றால் 931) ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டர் தட்டுங்கள்.

டி-யில் உள்ள புகைப்படங்களுக்கு டி மட்டுமே இடம் என்றால் அது பேக்கப் ஆகாது. வெளியே ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாதம் ஒருமுறை நகலெடுத்து, கழற்றித் தனியாக வையுங்கள்.