சமோவாவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலினீசியத் தீவு நாடான சமோவாவை இன்றும் ‘மேற்கு சமோவா’ என்று எழுதுவதுதான் முதலில் கைவிட வேண்டிய தவறு. அந்த அடைமொழி அம்மக்கள் தேடிக்கொண்டதன்று. 1899ஆம் ஆண்டில் ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் தீவுக்கூட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, மேற்குத் தீவுகள் ஜெர்மனிக்கும் கிழக்குத் தீவுகள் அமெரிக்காவுக்கும் போயின. 1914இல் மேற்குப் பகுதியைக் கைப்பற்றிய நியூசிலாந்தின் ஆட்சி, ‘மாவ்’ என்னும் அறவழி இயக்கத்தின் நீண்ட எதிர்ப்பைச் சந்தித்து, 1962 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் 1976இல் ‘சமோவா’ என்ற பெயரிலேயே சேர்ந்த நாடு, 1997இல் அரசியலமைப்பைத் திருத்தி ‘மேற்கு’ என்பதை முற்றாக நீக்கியது. ‘வெஸ்டர்ன் சமோவா’ (மேற்கு சமோவா) என்பதன் சுருக்கமான ‘டபிள்யூ எஸ்’ என்னும் அதன் இணையக் குறியீட்டில் மட்டும் பழைய பெயரின் தடம் இருக்கிறது. அதைச் சான்றாகக் காட்டிப் பழைய பெயரை எழுதுவது முறையாகாது.

கிழக்குத் தீவுகளான அமெரிக்க சமோவாவை இந்நாட்டின் ஒரு மாகாணமாகக் கருதுவதும் பிழையே. அது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. அங்கே பிறப்பவர்கள் பிறப்பால் அமெரிக்க ‘நேஷனல்’ என்ற தகுதியைப் பெறுகிறார்களே தவிர, குடியுரிமையைப் பெறுவதில்லை. ஆனால், அவர்களைச் சமோவர் அல்லர் என்று ஒதுக்குவது இதைவிடப் பெரிய தவறு என்பேன். மொழியும், ‘ஃபாஅ சமோவா’ எனப்படும் வாழ்க்கை முறையும், உறவுகளும் இருபுறத்துக்கும் பொதுவானவை. தங்கள் சமோவ அடையாளம் குறைந்துபோகும் என்று அஞ்சியே கிழக்குத் தீவினர் 1997ஆம் ஆண்டின் பெயர் மாற்றத்தை எதிர்த்தனர். ஆகவே, மக்களைக் குறிக்கும்போது இருவரையும் ‘சமோவர்’ என்றும், அரசைக் குறிக்கும்போது மட்டும் பிரித்தும் எழுதுவதே நேர்மையானது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் சமோவா பன்னாட்டுத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியதால், அருகருகே இருக்கும் இவ்விரு நிலப்பகுதிகளிலும் தேதி வேறுபடும் என்பதையும் செய்தி எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் தேவை. சமோவ மொழியில் ‘ஜி’ (g) என்ற ரோமன் எழுத்து ‘ங’ ஒலியைக் குறிக்கும்; எனவே அமெரிக்க சமோவாவின் தலைநகரை ‘பாகோ பாகோ’ என்று எழுதாமல், ‘பாங்ஙோ பாங்ஙோ’ என எழுதுவதே மூல ஒலிக்கு நெருக்கமானது. சமோவாவின் தலைநகர் உப்போலு தீவிலுள்ள அப்பியா.

ஆட்பெயர்களைக் கையாளும்போது, முன்னால் நிற்பது ‘மத்தாய்’ எனப்படும் குடும்பத் தலைமைப் பட்டமாக இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2021இல் அந்நாட்டின் முதல் பெண் பிரதமரான ஃபியாமே நயோமி மத்தாஆஃபாவின் பெயரில் ‘ஃபியாமே’ என்பது அத்தகைய பட்டமே. சமோவர்கள் அவரை அந்தப் பட்டத்தால் மதிப்புடன் குறிப்பிடுகின்றனர்.