பேரெண்ணை முழுதாக வகுக்காமலே அதன் காரணியைக் கண்டறிதல்

2-இன் அடுக்காக ஒரு பகா எண்ணை வைத்து, வரும் மதிப்பிலிருந்து 1-ஐக் கழித்தால் மெர்சென் எண் கிடைக்கும். 3, 7, 31, 127 என்று தொடக்கத்தில் வருபவை அனைத்தும் பகா எண்களாகவே இருப்பதால் எல்லாமே அப்படித்தான் என்று தோன்றும்; ஆனால் அடுக்கு 11 ஆகும்போதே 2047 = 23 × 89 என்று அந்த எண்ணம் பொய்த்துவிடுகிறது.

அடுக்கு 29-ஐ எடுத்துக்கொள்வோம். எண் 53,68,70,911. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 23,170 என்பதால், அதுவரையுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க நேரிடலாம். அவ்வளவு பாடு தேவையில்லை. பகாக் காரணி எதுவானாலும் அதைவிட ஒன்று குறைந்த எண் 58-ஆல், அதாவது அடுக்கின் இருமடங்கால், மீதியின்றி வகுபட வேண்டும். மேலும் அக்காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். முதல் நிபந்தனைக்குக் காரணம் எளியது: 2-இன் அடுக்குகளை அக்காரணியால் வகுத்தால் மீதிகள் 29 படிகளுக்கு ஒருமுறை திரும்ப வரும், ஃபெர்மாவின் தேற்றப்படி, அந்தச் சுழற்சியின் நீளம் காரணியைவிட ஒன்று குறைந்த எண்ணை வகுத்தாக வேண்டும், காரணி ஒற்றை எண் என்பதால் 2-உம் சேர்ந்துகொள்கிறது.

இனி 59, 117, 175, 233 என்று வரிசையாகப் பார்க்கலாம். 59-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 3. 117-உம் 175-உம் பகா எண்களே அல்ல. 233 மட்டும் தேறுகிறது. அதைச் சோதிக்க, ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு வர்க்கப்படுத்துக அல்லது பெருக்குக:

2⁸ = 256, மீதி 23.
2¹⁶: 23 × 23 = 529, மீதி 63.
2²⁴: 63 × 23 = 1449, மீதி 51.
2²⁹: 51 × 32 = 1632, மீதி 1.

மீதி 1 வந்ததால், 2²⁹ − 1 என்பது 233-ஆல் சரியாக வகுபடும். மீதி பெரிதாக வந்தால் அதைக் குறை எண்ணாக மாற்றிக்கொள்வது கணக்கைச் சுருக்கும். எடுத்துக்காட்டாக, அடுக்கு 23-க்கான எண்ணை 47-ஆல் வகுக்கையில் 2⁵-இன் மீதியான 32-க்குப் பதில் −15 என்று எழுதி, 2²³-க்கு மீதி 1 வருவதைச் சில வரிகளில் காட்டிவிடலாம்.

அடுக்கு 67-க்கு இவ்வழி கையால் தாங்காது. அந்த எண்ணைப் பகா எண் என்று 1644-இல், இவ்வெண்களுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் மெர்சென் பட்டியலிட்டார். அது தவறு என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவினார், ஆனால் காரணி எதையும் காட்டவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் கண்டறிந்த சிறிய காரணி 19,37,07,721. இதிலிருந்து 1-ஐக் கழித்து, அடுக்கின் இருமடங்கான 134-ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக 14,45,580 வரும்.