‘நல்லாத்தானே இருக்கேன்’: தூக்கம் கெட்டவர்கள் செய்யும் தவறுகள்

ஓசூரில் நைட் ஷிஃப்ட் பார்த்த காலம். ஐந்தாவது இரவு, விடியற்காலை நாலு மணி. மைக்ரோமீட்டர் கருவியில் அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலை. 24.98 என்று எழுத வேண்டிய இடத்தில் 29.48 என்று எழுதியிருக்கிறேன். எழுதியது போகட்டும், இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்! காலை ஷிஃப்ட்டுக்கு வந்த அண்ணன் வந்ததும் வராததுமாக அந்த வரியில் விரலை வைத்தார். “நல்லாத்தானே இருந்தேன் அண்ணே” என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன்.

தூக்கம் போதுமா என்று நம்மையே கேட்டுக்கொள்வதுதான் முதல் தவறு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஒரு குழுவை 14 நாட்கள் தினமும் ஆறு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். கவனச் சோதனையில் அவர்கள் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவர் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் ‘தூக்கக் கலக்கம் எவ்வளவு?’ என்று கேட்டால், முதல் சில நாட்களுக்கு அப்புறம் பதில் பெரிதாக மாறவே இல்லை. “எனக்குப் பழகிடுச்சு” என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதுதான் இது. வேலை கெட்டது, கெட்டது தெரியவில்லை.

அடுத்தது, தன் வேலையைத் தானே சரிபார்ப்பது. தப்பு நடந்த நொடியில் மூளை ஒரு சின்ன மணி அடிக்கும். அடுத்த முறை கை கொஞ்சம் நிதானிக்கும். தூக்கம் கெட்டால் அந்த மணிச் சத்தமே குறைந்துவிடுகிறது. எழுதிய கண்ணே திரும்பப் பார்த்து என்ன பயன்? பக்கத்து மெஷின்காரரிடம் நீட்டுங்கள்.

வண்டி ஓட்டுபவர்கள் செய்வது டீயை நம்புவது. டீ முழுதாக வேலை செய்யவே அரை மணி நேரம் போல ஆகும். காலை அஞ்சுக்கு எழுந்து, ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிவிட்டு, ராத்திரி பத்துக்கு மேல் தொப்பூர் கணவாயில் இறங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்கு இது ஏறக்குறையச் சமம். நம் சட்டம் அனுமதிப்பதே 0.03 தான். மூன்று நொடி கண் சொக்கினால், 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரி 50 மீட்டர் தானாகப் போயிருக்கும். சொக்கியதே பல நேரம் ஓட்டியவருக்குத் தெரியாது.

அதனால் உடம்பைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேளுங்கள்: எழுந்து எத்தனை மணி நேரம், நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம்? கணக்கு உதைத்தால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்குங்கள். எழுந்த உடனே சாவியைத் திருக வேண்டாம், கலக்கம் தெளியக் கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம், கிளீனர் பையன் “அண்ணே, கோடு தாண்டுது” என்றால் அவனோடு வாதாடாதீர்கள்.