மலைப் பட்டறையில் வெளிச்சம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமவெளியிலிருந்து மாற்றலாகி நீலகிரிக்கு வரும் தொழிற்கல்வி ஆசிரியர் பட்டறையை எப்படி அடுக்குவார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். மேட்டுப்பாளையத்துக் கணக்கு அப்படியே மலையேறி வந்துவிடும். நானும் அந்தக் கணக்கோடு வந்தவன்தான். கண்ணாடியைத் துடையுங்கள், ஜன்னலை மறைத்து அலமாரி போடாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். குன்னூரில் ஒரே பீரியடுக்குள் வெயிலும் மூட்டமும் மாறி மாறி வரும். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் அதை மறந்ததால் வருபவை.

உலையை ஜன்னலோரம் வைப்பது

புகை வெளியே போகட்டும், பிள்ளைகளுக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று உலையைப் பெரிய ஜன்னலுக்கு அடியில் வைக்கிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

இரும்பைச் செதுக்கும் சிப்பிங் உளியைக் கடினப்படுத்த, கார்பன் ஸ்டீலை ஏறக்குறைய 780 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். பள்ளிப் பட்டறையில் அதை அளக்கக் கருவி ஏது? “செர்ரி சிவப்பு வந்ததும் எடு” என்கிறோம். வெயில் படும் இடத்தில் அந்தச் சிவப்பு மங்கித்தான் தெரியும். “இன்னும் சிவக்கல சார்” என்று பையன் காற்றடித்துக்கொண்டே இருப்பான். இரும்பு மீறிக் காய்ந்து அதன் உள்மணிகள் (கிரெயின்) பருத்துவிடும். தண்ணீரில் விட்டதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், விரிசல்.

பிற்பகல் மூட்டம் இறங்கினால் தலைகீழ். அரையிருட்டில் 700 டிகிரி இரும்பே பளிச்சென்று சிவக்கும். அவசரமாகத் தோய்ப்பார்கள். உளி கடினமாகவே ஆகியிருக்காது, அரம் போட்டால் வெண்ணெய் மாதிரி தேய்ந்துகொண்டு போகும்.

ஒரே நாளில் இரண்டையும் பார்த்த புது ஆசிரியர் ஒருவர், “ஸ்டீலே மட்டம் சார்” என்று வேறு கடையில் ராடு வாங்கினார். மறு வாரமும் அதே கதை. கடைக்காரரிடம் காட்டிச் சண்டை போட, விரிசல் விட்ட உளிகளை ஒரு டப்பாவில் சேர்த்தும் வைத்திருந்தார். உலையை நான்கடி உள்ளே தள்ளுங்கள் என்றால் மட்டும் கோபம் வந்தது.

உலை உள்மூலையில், நிழலில் இருக்கட்டும். புகைக்குத் தகரக் கூண்டும் குழாயும் போதும். பக்கத்தில் கம்பியில் ஒரு காந்தத்தைத் தொங்கவிடுங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்கு மேல் ஒரு துளி காய்ச்சித் தோய்த்தால் சரி. இந்த மலையில் படகர்களுக்கும் தோடர்களுக்கும் இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள். கண்ணை மட்டும் வைத்தே இரும்பின் பதம் பார்க்க அவர்களைப் போலத் தலைமுறைப் பழக்கம் வேண்டும், பிளஸ் ஒன் மாணவனுக்கு அது கிடையாது.

டெம்பர் (கடினமான உளி நொறுங்காதபடி மறுபடி சூடேற்றிப் பதம் தணிப்பது) பார்க்கும்போது மட்டும் பகல் வெளிச்சத்துக்கு வாருங்கள். உளியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி சூடேற்றினால் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி வாக்கில் நீலம் என்று நிறம் ஓடும். சிப்பிங் உளிக்கு ஊதாவில் நிறுத்த வேண்டும். குண்டு பல்பின் மஞ்சளில் அந்த முதல் மஞ்சளே கண்ணில் படாது.

மூட்டம் வந்ததும் ஒற்றை டியூப் லைட்டில் லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டுவது

பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். லேத் 1500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 1500 சுற்று) என்றால் விநாடிக்கு 25 சுற்று. வேலைத்துண்டைப் பிடித்துச் சுழலும் நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு தாடையின் இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்கும். சக் ஓடாதது போலவே தெரியும். நின்றிருக்கிறதென்று தொட்டால் கை போய்விடும். எல்லாம் ஒரே நேரத்தில் மினுக்காதபடி, விளக்குகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் சோக் மாற்றினால் இன்னும் நல்லது.

வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கருவி) மேடை ஜன்னலைப் பார்த்து

கண் கூசும். முதுகைக் காட்டினால் சொந்த நிழலே வேலையில் விழும். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும், இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம்.

சில்வர் ஓக் பலகையை வெயிலில் சாய்ப்பது

ஒரு பக்கம் காய்ந்து குழிந்துவிடும். வேண்டாம்.

“வடக்கு ஜன்னலில் வெயில் வராது”

ஐரோப்பியப் புத்தகத்தில் வராது. ஊட்டி இருப்பது ஏறக்குறைய 11.4 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலிலும் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன், ஜூலையில் கூடலூர்ப் பக்கம் மேகம் காப்பாற்றும். மே மாதத்து வெயிலுக்கு மேலே ஒரு சன்ஷேடும், சாய்வாக வரும் காலை, மாலை வெயிலுக்குப் பக்கவாட்டில் ஒரு தடுப்பும் வேண்டும்.